பேட்டரி காருக்கு எந்த சார்ஜர்? டிரான்ஸ்ஃபார்மரா, எஸ்எம்பிஎஸ்ஸா, லித்தியத்துக்கே போய்விடலாமா?

"வண்டி நல்லாத்தான் இருக்குதுங்க, சார்ஜர்தான் போயிருச்சு. மூணு கொட்டேஷன் வந்திருக்கு. எதை எடுக்கட்டும்?" கல்லூரி, மில், மருத்துவமனை, திருமண மண்டபம், ரிசார்ட் என்று கோல்ஃப் கார்ட் மாதிரியான பேட்டரி கார் ஓடும் இடங்களிலிருந்து இந்தக் கேள்வி வந்துகொண்டே இருக்கிறது. கொட்டேஷன்களும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். ஒருவர் தூக்க முடியாத டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜரைக் காட்டி "இருபது வருசத்துக்கு அசையாது" என்பார். இன்னொருவர் எலக்ட்ரானிக் போர்டில் ஓடும், கைப்பெட்டி அளவு எஸ்எம்பிஎஸ் சார்ஜரை நீட்டி "எல்லாம் ஆட்டோமேட்டிக்" என்பார். மூன்றாமவர் சார்ஜர் பேச்சையே எடுக்கமாட்டார், பேட்டரியை லித்தியத்துக்கு மாற்றச் சொல்வார்.

யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் யாரும் உங்கள் ஷெட்டைப் பார்த்துவிட்டும் சொல்லவில்லை. சார்ஜர்களுக்கு இடையே உள்ள விலை வித்தியாசத்தைப் போலப் பல மடங்கு, ஒரு செட் பேட்டரியின் விலை. பொருந்தாத சார்ஜர் அந்த செட்டை ஒன்றிரண்டு வருடத்தில் முடித்துவிடும். அதனால் கொட்டேஷனில் கடைசி வரியைப் பார்ப்பதற்கு முன்னால் வேறு சிலவற்றைப் பார்த்துக்கொள்வது நல்லது.

## எதை வைத்து எடைபோடுவது

பேட்டரியின் வகை. இதுதான் முதல் கேள்வி, பாதிப் பதிலும் இதிலேயே இருக்கிறது. மூடி திறந்து டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றும் சாதாரண ஈய பேட்டரியா, தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத ஏஜிஎம் அல்லது ஜெல்லா, லித்தியமா? "48 வோல்ட்டு தானுங்களே, எதைப் போட்டாலும் ஏறாதா" என்றால், ஏறும். எங்கே நிற்க வேண்டும் என்பதில்தான் வித்தியாசம். 48 வோல்ட் ஈய செட்டில் 24 செல் இருக்கும். தண்ணீர் ஊற்றும் வகைக்கு சார்ஜின் உச்சத்தில் செல்லுக்கு ஏறத்தாழ 2.4 முதல் 2.47 வோல்ட் வேண்டும், அதாவது மொத்தம் 57.6 முதல் 59 சொச்சம் வரை. ஏஜிஎம்மும் ஜெல்லும் பெரும்பாலும் இதைவிடக் குறைவாக, தயாரிப்பாளர் சொன்ன அளவோடு நிற்க வேண்டும். அதற்கு மேல் போனால் உள்ளே இருக்கும் கொஞ்ச ஈரமும் வாயுவாக வெளியேறிவிடும், திரும்ப ஊற்ற வழியில்லை.

ஆம்ப்ஸ். ஈய பேட்டரிக்கு அதன் ஏஹெச்சில் (ஆம்பியர்-மணி, அதாவது கொள்ளளவில்) பத்தில் ஒரு பங்கு, கூடினால் 13 சதவீதம் வரை. 150 ஏஹெச் செட்டுக்கு 15 முதல் 20 ஆம்ப்ஸ் சார்ஜர் சரி. 40 ஆம்ப்ஸ் வாங்கினால் பாதி நேரத்தில் முடிந்துவிடும் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். முடியாது. ஈய பேட்டரியில் கடைசி 20 சதவீதம் மெதுவாகத்தான் ஏறும், எந்த சார்ஜரைப் போட்டாலும் அதற்கு இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். அவசரப்படுத்தினால் சூடும் கொதிப்பும்தான் மிச்சம். 60 சதவீதம் இறங்கிய 150 ஏஹெச் செட் 20 ஆம்ப்ஸில் முழுசாக ஏற ஏழெட்டு மணி நேரம் கொடுத்துவிடுங்கள்.

கரண்ட். கோவை மாநகருக்குள் இருப்பவர்களுக்கு இது பெரிய விஷயம் இல்லை. பல்லடம், சோமனூர் பக்கம் தறி ஓடும் ஊரிலோ, மோட்டார் ஓடும் தோட்டத்து லைனிலோ இருப்பவர்களுக்குப் பெரிய விஷயம். பகலில் வோல்டேஜ் இறங்கும். நடுராத்திரி தறியும் மோட்டாரும் நின்ற பிறகு ஏறும். உங்கள் வண்டி சார்ஜ் ஆவதும் அந்த ராத்திரியில்தான்.

சார்ஜர் இருக்கப்போகும் இடம். மில்லில் பஞ்சுத் தூசி. பொள்ளாச்சிப் பக்கம் தென்னை நார்த் தூசி, இது ஈரத்தையும் உப்பையும் பிடித்து வைத்துக்கொள்ளும். நாமக்கல் கோழிப் பண்ணையில் அமோனியா, செம்பையும் பித்தளையையும் அரித்துவிடும். இதையெல்லாம் எந்த விளம்பரத் தாளிலும் போடமாட்டார்கள்.

வெயில். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் கோவைக்கும், தமிழ்நாட்டின் வெப்பப் பட்டியலில் அடிக்கடி முன்னால் வரும் கரூர் பரமத்திக்கும் ஒரே செட்டிங் பொருந்தாது. சார்ஜ் வோல்ட் கணக்கு 25 டிகிரிக்குச் சொல்லப்படுவது. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் செல்லுக்கு 3 முதல் 5 மில்லிவோல்ட் வரை குறைக்க வேண்டும். 40 டிகிரியில் 48 வோல்ட் செட்டுக்குச் சுமார் ஒன்றரை வோல்ட் குறைத்தாக வேண்டும். குறைக்கத் தெரியாத சார்ஜர் சித்திரை மாதம் முழுக்க பேட்டரியைக் கொதிக்க வைக்கும்.

போனால் யார் சரி செய்வார்கள். இதைக் கடைசியாகச் சொன்னாலும் என் கணக்கில் பேட்டரி வகைக்கு அடுத்தது இதுதான். சார்ஜர் இல்லாத வண்டி நின்ற வண்டி. நிற்கிற நாளில் பேட்டரியும் சேர்ந்து கெடும், ஏனென்றால் இறங்கிய நிலையில் கிடக்கும் ஈய பேட்டரியில் சல்ஃபேட் படிந்து இறுகிக்கொண்டே போகும்.

## டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜர்

இதில் இரண்டு சாதி உண்டு, கடைக்காரர் பிரித்துச் சொல்லமாட்டார். ஒன்று ஃபெர்ரோ ரெசனன்ட். உள்ளே ஆயில் கெபாசிட்டரோடு ஒரு தனி வைண்டிங் இருக்கும், உள்ளே வரும் வோல்டேஜ் ஏறி இறங்கினாலும் வெளியே வருவதை அது ஓரளவு பிடித்து நிறுத்தும். பழைய இறக்குமதி கோல்ஃப் கார்ட்டுகளோடு வந்தது பெரும்பாலும் இந்த வகை. இன்னொன்று சாதாரண டிரான்ஸ்ஃபார்மர், டையோடு, வோல்ட்டைப் படிப்படியாகக் கூட்டிக் குறைக்கும் ஒரு டேப் சுவிட்ச், டைமர். நம் ஊர் பட்டறைகளில் கட்டித் தருவது அநேகமாக இரண்டாவது. இது லைன் வோல்டேஜ் போன போக்கிலேயே போகும். மேலே சொன்ன நடுராத்திரி ஏற்றத்தில் பேட்டரிக்கு அதிகமாக ஊற்றும், லோ வோல்டேஜ் நாளில் அரைகுறையாக விடும்.

பலம் என்று பார்த்தால், கொங்கு நாட்டில் இதற்கு உள்ள ஆதரவு வேறு எங்கும் கிடைக்காது. பம்ப்செட்டும் கிரைண்டரும் செய்து வளர்ந்த ஊர். கணபதி, பீளமேடு, சிங்காநல்லூர் பக்கம் காயில் கட்டுகிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை. டையோடு போனாலும், கெபாசிட்டர் போனாலும், வைண்டிங்கே கருகினாலும் ஆள் இருக்கிறது, சாமான் இருக்கிறது. பல்லி புகுந்தாலும் பெரும்பாலும் பல்லிக்குத்தான் நஷ்டம். இடிக்கும் தூசிக்கும் இது எளிதில் அசையாது.

மறைந்திருக்கும் செலவு கரண்ட் பில்லில் வரும். ஒரு கணக்குப் போடலாம். 48 வோல்ட் 150 ஏஹெச் என்றால் 7.2 யூனிட் கொள்ளளவு. தினமும் 60 சதவீதம் ஓடினால் 4.3 யூனிட் திரும்ப ஏற்ற வேண்டும். ஈய பேட்டரி ஏற்றுவதில் 80 சதவீதம்தான் தேக்கிக்கொள்ளும் என்று வைத்தால், சார்ஜர் 5.4 யூனிட் கொடுக்க வேண்டும். 75 சதவீதத் திறன் உள்ள டிரான்ஸ்ஃபார்மர் இதற்கு லைனிலிருந்து 7.2 யூனிட் இழுக்கும். 90 சதவீத எஸ்எம்பிஎஸ் 6 யூனிட் இழுக்கும். நாளுக்கு 1.2 யூனிட் வித்தியாசம். யூனிட் 10 ரூபாய் என்று வைத்து, வருடத்தில் 300 நாள் ஓட்டினால் ஒரு வண்டிக்கு 3,600 ரூபாய். ஒரே வண்டி என்றால் பொறுத்துக்கொள்ளலாம். பத்து வண்டி நிற்கும் வளாகத்தில் அது வருடத்துக்கு 36,000.

இரண்டு எச்சரிக்கைகள். ஃபெர்ரோ சார்ஜர் லைனின் வோல்டேஜ் மாறினால் சமாளிக்கும், ஃப்ரீக்வென்ஸி மாறினால் சமாளிக்காது. ஓவர்லோடில் திணறும் பழைய ஜெனரேட்டரில் மாட்டினால் அதன் அவுட்புட் தாறுமாறாகும். அமெரிக்காவிலிருந்து பழைய வண்டியோடு வரும் சார்ஜர் இன்னும் மோசம். அது 120 வோல்ட் 60 ஹெர்ட்ஸுக்குக் கட்டியது. ஸ்டெப் டவுன் போட்டு வோல்டேஜைச் சரி செய்யலாம், நம் 50 ஹெர்ட்ஸை என்ன செய்வது? சூடேறும், வோல்ட்டும் எட்டாது. "ஒரிஜினல் சார்ஜரோட வருதுங்க" என்று அதற்குத் தனியாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

இது பொருந்தும் இடம்: ஒன்றிரண்டு வண்டி, தண்ணீர் ஊற்றும் பேட்டரி, ஊருக்கு வெளியே தோட்டத்துச் சாளை (வீடு), தூசி, இடி. கூடவே, நேரத்துக்கு நிறுத்தவும் தண்ணீர் பார்க்கவும் நம்பிக்கையான ஒரு ஆள். அந்த ஆள் இல்லாவிட்டால் இந்த சார்ஜரும் வேண்டாம்.

## சுவரில் மாட்டும் எஸ்எம்பிஎஸ் சார்ஜர்

முதலில் முழு ஆம்ப்ஸில் ஏற்றும். உச்ச வோல்ட் வந்ததும் அதைப் பிடித்துக்கொண்டு ஆம்ப்ஸைக் குறைத்துக்கொண்டே வரும். முடிந்ததும் 53, 54 வோல்ட் பக்கம் இறங்கி, ஏறியது இறங்காமல் பிடித்துவைக்கும் ஃப்ளோட்டில் நிற்கும், அல்லது அணைந்துவிடும். நல்லதாக இருந்தால் பேட்டரியில் ஒட்டும் டெம்பரேச்சர் சென்சார் ஒயரும் வரும். இந்த வேலைகளைச் சரியாகச் செய்தால் பேட்டரி அதிக நாள் வாழும், தண்ணீரும் குறைவாகக் குடிக்கும். பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

ஆனால் பெட்டியின் மேல் "ஸ்மார்ட்" என்று அச்சடித்திருப்பதை நம்பி வாங்காதீர்கள். கடைக்காரரிடம் நான்கு கேள்வி கேளுங்கள். உச்ச வோல்ட் எவ்வளவு? ஃப்ளோட் எவ்வளவு? என் பேட்டரி வகைக்கு செட்டிங் மாற்ற முடியுமா, உங்கள் ஆள் வந்துதான் மாற்ற வேண்டுமா? உள்ளே வரும் வோல்டேஜ் எதிலிருந்து எதுவரை தாங்கும்? 170 முதல் 270 வரை என்று எழுத்தில் கொடுத்தால் நம் கிராமத்து லைனுக்கு ஆகும். 200க்குக் கீழே நின்றுவிடும் என்றால் தறி ஊரில் உதவாது.

பலவீனம் ஒன்றே ஒன்றுதான், அது பெரியது. போனால் போர்டு போச்சு. சில கம்பெனிகள் தூசி புகாமல் இருக்க உள்ளே பிசின் ஊற்றி மூடிவிடுகின்றன. அது மில்லுக்கு நல்லது, ரிப்பேருக்கு ஆகாது. பிசின் ஊற்றாததில் ஃபேன் வழியாகப் பஞ்சும் எறும்பும் பல்லியும் உள்ளே போகும். வாரண்டியில் இருந்தாலும் போர்டு வெளியூர் போய்வரும் வரை வண்டி நிற்கும். ஆகவே மூன்று வண்டிக்கு மேல் வைத்திருப்பவர்கள் ஒரு சார்ஜர் கூடுதலாக வாங்கி அலமாரியில் வைப்பதையும் கொட்டேஷனில் சேர்த்தே பாருங்கள். இடி மின்னலில் லைனில் பாயும் அதிக வோல்டேஜைத் தடுக்கும் சர்ஜ் அரெஸ்டர் செலவையும் சேருங்கள். ஐப்பசி இடி போர்டைத் தேடி வரும்.

எச்டி (உயர் அழுத்த) இணைப்பு உள்ள மில்லும் கல்லூரியும் கவனிக்க வேண்டியது இன்னொன்று. மாலை 6 முதல் 10 மணி வரை உச்ச நேரக் கட்டணம் உண்டு. டிரைவர் ஆறு மணிக்கு வண்டியை நிறுத்திப் பிளக்கைச் சொருகிவிட்டுப் போவார், சார்ஜர் தன் வேகத்தில் இழுக்கும் நேரமும் அதுவேதான். தாமதமாகத் தொடங்கும் வசதி சார்ஜரில் இருந்தால் ராத்திரி 10 மணிக்கு வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு டைமர் போதும். மறுநாள் காலை ஆறு மணிக்குள் முடிந்துவிடும்.

## வண்டியிலேயே இருக்கும் ஆன்போர்டு சார்ஜர்

உள்ளே அதே எஸ்எம்பிஎஸ்தான், இடம்தான் சீட்டுக்கு அடியில். எந்த 15 ஆம்ப்ஸ் பாயின்ட்டிலும் மாட்டிக்கொள்ளலாம் என்பதுதான் இதன் வசதி. பல பிளாக்குகளாகப் பரந்த கல்லூரியிலும் காட்டேஜ்கள் சிதறிக் கிடக்கும் ஆனைகட்டி மாதிரி இடத்து ரிசார்ட்டிலும் வண்டியை ஒரே ஷெட்டுக்கு ஓட்டிவர வேண்டாம்.

அந்த வசதியில்தான் வினையும் இருக்கிறது. எங்கும் மாட்டலாம் என்றால் டிரைவர் எங்கும் மாட்டுவார். 5 ஆம்ப்ஸ் பாயின்ட்டில் ஒரு கன்வெர்ட்டர் பிளக், அதிலிருந்து செல்போன் சார்ஜ் போடும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதில் வண்டி. 48 வோல்ட் 20 ஆம்ப்ஸ் சார்ஜர் லைனில் ஆறு ஆம்ப்ஸ் பக்கம் இழுக்கும், அதுவும் மணிக்கணக்கில். அந்தப் பாக்ஸைப் பார்த்தால் பிளக் சொருகும் துளைகளைச் சுற்றிப் பழுப்பு வளையம் தெரியும், பிளாஸ்டிக் லேசாக உள்வாங்கியிருக்கும். அடுத்தது தீதான். இந்த வகையை வாங்குகிறவர்கள் நிறுத்தும் இடம் ஒவ்வொன்றிலும் எர்த்தோடு சரியான 15 ஆம்ப்ஸ் பாயின்ட் போடும் வயரிங் செலவையும் சார்ஜர் விலையோடு சேர்க்க வேண்டும். இதை யாரும் சேர்ப்பதில்லை.

குலுக்கல், சீட்டுக்கு அடியில் சூடு, பேட்டரியிலிருந்து எழும் ஆசிட் ஆவி, டிரைவர் பிரஷர் பம்பில் அடிக்கும் தண்ணீர் எல்லாவற்றையும் இது தாங்க வேண்டும். தூசியும் தண்ணீரும் புகாத தரமான ஐபி65க்குக் குறைந்ததை வாங்காதீர்கள். தண்ணீர் ஊற்றும் பேட்டரியோடு இதை ஒரே அறையில் அடைத்து வைப்பது எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. ஏஜிஎம் அல்லது லித்தியம் என்றால் தாராளமாக வைக்கலாம்.

## லித்தியமும் அதன் சார்ஜரும்

சார்ஜர் கேட்டுப் போனவரிடம் பேட்டரியை விற்பது கொஞ்சம் அதிகம்தான். ஆனாலும் ஒரு சந்தர்ப்பத்தில் அந்த மூன்றாவது கொட்டேஷன்காரர் சொல்வது சரி: உங்கள் ஈய செட்டும் அந்திமக் காலத்தில் இருந்தால். செத்துக்கொண்டிருக்கும் செட்டுக்குப் புது ஈய சார்ஜர் வாங்குவது வீண்.

கோல்ஃப் கார்ட்டுக்கு வருவது லித்தியம் அயர்ன் பாஸ்பேட், சுருக்கமாக எல்எஃப்பி. தினமும் ஏற்றி இறக்குவதைச் சாதாரணமாக 2,000 தடவைக்கு மேல் தாங்கும். ஈயம் நல்ல பராமரிப்பில்கூட சில நூறிலிருந்து ஆயிரம் பக்கம்தான். தண்ணீர் வேண்டாம், மதியம் சாப்பிடும் நேரத்தில் அரை மணி ஏற்றிக்கொண்டு மறுபடி ஓட்டலாம், அரைகுறையாக விட்டாலும் அது கெட்டுப்போகாது. பழனி கிரிவீதியில் பக்தர்களை ஏற்றிக்கொண்டு சுற்றிக்கொண்டே இருக்கும் வண்டிகள் போன்ற ஓட்டத்துக்கு இதை அடிக்க எதுவும் இல்லை.

சார்ஜர் விஷயத்தில் இங்கே சமரசமே கிடையாது. 16 செல் பேக்குக்கு 58.4 வோல்ட், 15 செல் பேக்குக்கு 54.75. இரண்டையும் கடையில் "48 வோல்ட் லித்தியம்" என்றே சொல்வார்கள், எத்தனை செல் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். பழைய ஈய சார்ஜரையே வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதன் ஈக்வலைஸ் சுற்று, அதாவது எல்லா செல்லையும் சமமாக்க அதிகமாக ஏற்றும் சுற்று, 62 வோல்ட்டுக்கு மேலே போகும். பேக்குக்குள் இருக்கும் பிஎம்எஸ் என்ற காவல் போர்டு பயந்து இணைப்பைத் துண்டிக்கும், அதையே தினமும் செய்ய வைத்தால் பிஎம்எஸ் எத்தனை நாளைக்கு? லித்தியத்துக்கு ஃப்ளோட்டும் தேவையில்லை, முடிந்ததும் நிற்கும் சார்ஜர்தான் வேண்டும். முடிந்தால் பேக்கும் சார்ஜரும் ஒரே இடத்தில், ஒரே பில்லில் வாங்குங்கள். கோளாறு வந்தால் பேட்டரிக்காரர் சார்ஜரையும் சார்ஜர்க்காரர் பேட்டரியையும் காட்ட முடியாது.

மறைமுகச் செலவு: வண்டியின் பேட்டரி மீட்டர் ஈயத்துக்குச் செய்தது, இனி அது காட்டுவது பொய்யாகிவிடும், புது மீட்டர் வேண்டும். 45 டிகிரிக்கு மேல் ஏற்றுவதை பிஎம்எஸ் தடுக்கக்கூடும், மே மாதம் தகர ஷெட்டுக்குள் அந்தச் சூடு வரும். பழைய ஈயத்தை எடைக்குப் போட்டால் நல்ல விலை கிடைக்கும் என்பதை வரவில் எழுதிக்கொள்ளுங்கள்.

## ஈ-ரிக்‌ஷா சார்ஜர்

விலை குறைவு, 48 வோல்ட் என்றும் போட்டிருக்கும். மலிவு ரகங்களில் சரியாக நிறுத்தும் வசதி இருக்காது, காலை வரை இழுத்துக்கொண்டே இருக்கும். வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| | டிரான்ஸ்ஃபார்மர் | சுவர் எஸ்எம்பிஎஸ் | ஆன்போர்டு | லித்தியம் சார்ஜர் |
|---|---|---|---|---|
| பொருந்தும் பேட்டரி | தண்ணீர் ஊற்றும் ஈயம் மட்டும் | எந்த ஈயமும், செட்டிங் சரியாக இருந்தால் | ஏஜிஎம், லித்தியம் | லித்தியம் மட்டும் |
| கரண்ட் செலவு | அதிகம் | குறைவு | குறைவு | மிகக் குறைவு |
| வோல்டேஜ் ஏற்ற இறக்கம் | ஃபெர்ரோ சமாளிக்கும், டேப் வகை தடுமாறும் | வரம்புக்குள் சமாளிக்கும் | வரம்புக்குள் சமாளிக்கும் | வரம்புக்குள் சமாளிக்கும் |
| தூசி, பல்லி, இடி | தாங்கும் | மூடியது தூசி தாங்கும், இடிக்குப் பயம் | தூசி தாங்கும், சூட்டுக்குப் பயம் | மூடியது தூசி தாங்கும், இடிக்குப் பயம் |
| ரிப்பேர் | உள்ளூரிலேயே | போர்டு வெளியே போகும் | மாற்றுவதுதான் வழி | விற்றவரிடமே |
| யாரும் சொல்லாத செலவு | தண்ணீர், ஆள், பில் | ஸ்பேர் ஒன்று, சர்ஜ் அரெஸ்டர் | எல்லா இடத்திலும் பாயின்ட் | மீட்டர், முதல் விலை |

இதைப் படித்த பிறகும் குழப்பம் என்றால் என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். செட் புதிது, தண்ணீர் ஊற்றும் வகை, வண்டி ராத்திரி ஒரே ஷெட்டுக்கு வரும் என்றால் சென்சாரோடு சுவர் எஸ்எம்பிஎஸ். பஞ்சு மில் என்றால் அதிலேயே ஃபேன் இல்லாத, முழுக்க மூடிய மாடல். கோழிப் பண்ணை என்றால் எந்த சார்ஜரையும் ஷெட்டுக்குள் வைக்காமல் காற்று வரும் திசையில் தனி அறையில் வையுங்கள், அப்புறம் எது என்று பார்க்கலாம். தினமும் இரண்டு ஷிப்ட் ஓட்டம், செட்டும் முடியப்போகிறது என்றால் லித்தியம். வாரத்துக்கு ஒருமுறை விருந்தாளி வந்தால் மட்டும் தோட்டத்தைச் சுற்றும் வண்டி என்றால், காயில்காரர் பக்கத்தில் இருக்கும்போது டிரான்ஸ்ஃபார்மரே போதும், லித்தியத்தில் போடும் காசு திரும்பி வராது.

பழைய இறக்குமதி வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கிளப் கார் கம்பெனியின் பழைய 48 வோல்ட் வண்டிகள் சிலவற்றில் சார்ஜரைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் வண்டியிலேயே இருக்கும். வெளி சார்ஜர் மாட்டினால் அது ஒத்துழைக்காது. அந்த வயரிங்கை மாற்றத் தெரிந்த ஆளைப் பிடித்த பிறகு சார்ஜர் வாங்குங்கள்.

## வாங்குவதற்கு முன்னால் ஒரு சோதனை: உண்மையிலேயே சார்ஜர்தான் போச்சா?

"சார்ஜர் ஆன் ஆகல" என்று வரும் புகார்களில் ஒரு பங்கு பேட்டரியுடையது. பல சார்ஜர்கள் பேட்டரியில் ஓரளவு வோல்ட் இருந்தால்தான் வேலையைத் தொடங்கும். வண்டி ஒரு மாதம் சும்மா கிடந்து செட் தரைமட்டத்துக்கு இறங்கிவிட்டால் சார்ஜர் அதைப் பேட்டரியாகவே மதிக்காது. ஒவ்வொரு பேட்டரியாகத் தனி சார்ஜரில் கொஞ்சம் ஏற்றிவிட்டுப் பாருங்கள், எழுந்துகொண்டால் கொட்டேஷனைக் கிழித்துப் போடலாம்.

தொடங்குகிறது, ஆனால் வண்டி ஓடவில்லை என்றால் மல்டிமீட்டரும் டிசி கிளாம்ப் மீட்டரும் எடுத்துக்கொள்ளுங்கள். மாலை சொருகியதும் 20 ஆம்ப்ஸ் சார்ஜர் 20க்கு அருகில் காட்ட வேண்டும், வோல்ட் ஐம்பது சொச்சத்திலிருந்து மெல்ல ஏற வேண்டும். மூன்று நான்கு மணி நேரம் கழித்து 58, 59 பக்கம் வந்து அங்கேயே நிற்கும், ஆம்ப்ஸ் இறங்கத் தொடங்கியிருக்கும். காலையில் மூன்று நான்கு ஆம்ப்ஸுக்குக் கீழே வந்து நின்றிருந்தால் சார்ஜர் சரி. காலையிலும் எட்டு ஆம்ப்ஸ் ஓடிக்கொண்டு, பேட்டரிப் பக்கவாட்டில் கை வைத்தால் சூடு அடித்து, உள்ளே குமிழி சத்தம் கேட்டால் இரண்டு காரணம் இருக்கலாம்: சார்ஜர் நிறுத்த மறந்துவிட்டது, அல்லது செட்டில் ஒரு செல் செத்திருக்கிறது. எது என்பதை ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் சொல்லும். முழுசாக ஏறிய செல்லில் 1.265 முதல் 1.280 வரை காட்ட வேண்டும். ஒரே ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிடப் பல புள்ளி கீழே கிடந்தால் குற்றவாளி அங்கே இருக்கிறது. சார்ஜரைக் கழற்றிச் சில மணி நேரம் ஆறவிட்ட பிறகு 48 வோல்ட் செட் முழுசாக இருந்தால் 50.9 பக்கம் நிற்கும்.

## வாங்கிய பிறகு

ஒயர். பேட்டரிப் பக்க ஒயரை நீட்டாதீர்கள். 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயரைப் பத்து மீட்டர் நீட்டி 20 ஆம்ப்ஸ் ஓட்டினால் போக வர ஏறத்தாழ ஐந்து வோல்ட் ஒயரிலேயே போய்விடும். சார்ஜர் 59 காட்டும், பேட்டரிக்கு 54தான் போய்ச் சேரும். "சார்ஜ் ஃபுல்லுன்னு காட்டுது, வண்டி மட்டும் ஓட மாட்டேங்குது" என்பதற்கு இது ஒரு காரணம். நீட்டித்தான் ஆக வேண்டும் என்றால் லைன் பக்கம், 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில், நீட்டுங்கள்.

சொருகுவதும் கழற்றுவதும். கழற்றும்போது லைன் சுவிட்சை முதலில் அணைத்துவிட்டுப் பிறகு பேட்டரிப் பிளக்கை எடுக்க வேண்டும். ஓடும்போதே இழுத்தால் பிளக்குக்குள் தீப்பொறி பறக்கும், தொடர்ந்து செய்தால் காண்டாக்ட் கருகி, கருகிய இடம் சூடாகி, சூட்டில் ஸ்பிரிங் தளர்ந்து இன்னும் கருகும். மாதம் ஒருமுறை பிளக்கைப் பிரித்து உள்ளே பாருங்கள். கறுத்திருந்தால் மாற்றிவிடுங்கள், தேய்த்துப் போட்டால் நாலு நாளைக்குத்தான்.

காற்று. ஏற்றத்தின் கடைசியில் ஈய பேட்டரி ஹைட்ரஜன் விடும், காற்றில் 4 சதவீதம் சேர்ந்தால் ஒரு பொறி போதும். ஷெட்டின் மேல்பக்கம் திறப்பு வேண்டும். சார்ஜரை பேட்டரிக்கு நேர் மேலே மாட்டாதீர்கள்.

தண்ணீர். முழுசாக ஏறிய பிறகுதான் டிஸ்டில்ட் வாட்டர் ஊற்ற வேண்டும். ஏற்றத்தில் அளவு உயரும், முன்பே நிரப்பினால் ஆசிட் வழிந்து டிரேயைத் தின்றுவிடும். தகடு வெளியே தெரிந்தால் மட்டும் தகடு மூழ்கும் அளவுக்கு முன்பே கொஞ்சம் விடலாம். வெயில் காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். சிறுவாணித் தண்ணீர் நமக்கு எவ்வளவு ருசியானாலும் பேட்டரிக்கு ஆகாது, போர் தண்ணீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து ஊற்றுகிறார்கள், அது காயிலின் உலோகத்தையும் தூசியையும் கழுவிக்கொண்டு வருவது. சில கேன் டிஸ்டில்ட் வாட்டருக்குக் கணக்குப் பார்த்து ஒரு செட்டைக் கெடுக்காதீர்கள்.

ஈக்வலைஸ். தண்ணீர் ஊற்றும் வகைக்கு மட்டும். செல்களுக்கு இடையே ஹைட்ரோமீட்டரில் 0.030க்கு மேல் வித்தியாசம் வந்தால், அல்லது மாதம் ஒருமுறை. ஆள் பக்கத்தில் இருக்கும்போது, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு.

சுத்தம். சார்ஜர் ஃபேனையும் துளைகளையும் பெயின்ட் பிரஷாலும் புளோயராலும் சுத்தம் செய்யுங்கள், மில்லில் வாரம் ஒருமுறை. பல்லி புகாமல் துளைகளில் நைலான் வலை ஒட்டலாம், துணி கட்டி மூடக் கூடாது. ஆயுத பூஜையன்று அதே துளைகளில் சந்தனத்தை அப்பாமல் இருக்கவும் ஒருவரை நிறுத்தி வையுங்கள். டெர்மினலில் பூத்த வெள்ளைப் பொடியை, மூடிகளை இறுக்கிவிட்டு, ஆப்ப சோடா கரைத்த தண்ணீரில் கழுவித் துடைத்து, வாசலின் தடவினால் போதும்.

நீண்ட விடுமுறை. மே மாதம் கல்லூரி மூடும்போது ஈய செட்டை முழுசாக ஏற்றி, வண்டியின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, மாதம் ஒருமுறை திரும்ப ஏற்றுங்கள். அதற்கு ஒரு ஆளின் பெயரை வாட்ச்மேன் அறைக் காலண்டரில் தேதியோடு எழுதி வையுங்கள். லித்தியம் என்றால் முழுசாக ஏற்றாமல் பாதிக்குச் சற்று மேலே விட்டு, சார்ஜர் பிளக்கைக் கழற்றிவிட்டுப் போகலாம்.